என் இருபத்து மூன்று

சம்மாந்துறை ஆஸ்பத்திரி, ஆவண அறை.
மாதக் கடைசி. மின்விசிறிக்குப் பயந்து
டிக்கட் கட்டுகளின் மேல் ஒரு சாவிக்கொத்து,
ஒரு தேநீர்க் கோப்பை, என் கைபேசி.
நூற்றிப் பதினாறு டிக்கட்டுகள் இன்னும் இலக்கம் பெறவில்லை.
இலக்கம் இல்லாத நோய் கொழும்புக்குப் போகாது.

மேலே கிடப்பது:
உ. ஆதம்பாவா, நாற்பத்தேழு வயது.
தொழில்: கல்வாடி.
நோய்: ரீனல் கொலிக்.
அவ்வளவுதான். கீழே ஒரு கையெழுத்து,
ஓடும் பஸ்ஸில் தொற்றியபடி போட்டது மாதிரி.

புத்தகத்தைத் திறக்கிறேன்.
இந்த இரண்டு சொல்லுக்கு உரியது என் இருபத்து மூன்று.
குறித்துரைக்கப்படாத சிறுநீரக வலி.

குறித்துரைக்கப்படாத.

செவ்வாய்க்கிழமை ரெஜிஸ்டர் எடுக்க
நாலாம் வாட்டுக்குப் போயிருந்தேன்.
நிற்கவும் முடியாமல் படுக்கவும் முடியாமல்
கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு
அவர் சொல்லிக்கொண்டிருந்தார்:

"விலாவுக்குள்ள ஆரோ ஈரத்துணி புழியிற மாதிரி, டொக்டர்.
மறுகா விடும். விட்டுட்டு
சூளை வாய் திறந்தாப்போல முதுகுல அடிக்கும்.
மறுகா கவட்டுக்குள்ள இறங்கும்,
கறள் புடிச்ச கம்பி ஒண்ட இழுத்தெடுக்கிற மாதிரி.
சத்தி வருது. மூத்திரம் தேயிலச் சாயம்.
ஆறு புள்ள பெத்த என்ட பொஞ்சாதியே
என்னக் கண்டு பயந்துட்டாள்."

டொக்டர் சமோதி தலையசைத்தார்.
அவருடைய தமிழுக்கு வயது எட்டு மாதம்.
"கூடவா? கொஞ்சமா?" என்று கேட்டார்.
"கூட" என்றார் ஆதம்பாவா.

டிக்கட்டின் பின்னால், குண்டூசி கழன்று,
ஒரு ஸ்கேன் துண்டு.
இடது சிறுநீர்க்குழாய். கல். ஏழு மில்லிமீற்றர்.
இது என் இருபது புள்ளி ஒன்று.
ஆனால் துண்டைப் படித்து இலக்கம் போட
எனக்கு அதிகாரமில்லை.
டொக்டர் எழுதியதுதான் நோய்.
எழுதாதது, இருந்தாலும், இல்லை.

"போட்டுட்டு அடுத்தத எடுங்க தங்கச்சி"
என்கிறார் ஜௌபர் நானா. "வலி வலிதானே."

வலி வலிதான்.
ஆனால் இருபது வருடம் கல் அறுத்து, அடுக்கி, சூளை வைத்து,
தண்ணி குடிக்கப் போனால் மண் இறுகிவிடும் என்று
வெயிலிலேயே நின்ற ஆளுக்கு
தொழில் கட்டத்தில் கல் இருக்கிறது,
நோய்க் கட்டத்தில் இல்லை.
வாடிகளில் இன்னும் எத்தனை பேர் என்று
யாராவது ஒருநாள் எண்ண வந்தால்
எங்கள் ஊர்ப் பக்கத்தில் வெறும் வலிகள்தான் நிற்கும்.
தண்ணி பவுசர் எதற்கு என்று கேட்பார்கள்.

டிக்கட்டோடு மாடி ஏறினேன்.
டொக்டர் இரவு வேலை முடித்து
நின்றபடியே பணிஸ் தின்றுகொண்டிருந்தார்.
துண்டை நீட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார்.
பணிஸ் வாயிலிருக்க
இரண்டு சொல்லுக்குக் கீழே இன்னும் மூன்று எழுதித்
திகதி போட்டார்.
"சொறி" என்றார்,
மூன்று மொழிக்கும் பொதுவாக.

இறங்கி வந்தால் மருந்து வரிசையில் ஆதம்பாவா.
பனடோல் தாளை விரித்துக் காட்டுகிறார்.
"விழுந்துட்டு மகள். இத எங்க குடுக்கிற?"
ஒரு நெல்லுக்குக் கொஞ்சம் குறைவு. மஞ்சள்.
வாடிக் கல்லைப்போல நாலு மூலை இல்லை, எல்லாம் முள்.
"நான் அறுத்ததுல இதுதான் சின்னன்" என்று
சிரிக்கப் பார்த்து, விலாவைப் பிடித்துக்கொண்டார்.
ஆய்வுகூடத்துக்கு வழி காட்டினேன்.

மறுகா வந்து பேனையை எடுத்தேன்.
அந்த ஆங்கில எழுத்தை வாய்விட்டுச் சொன்னால்
தமிழில் அது 'என்'.
என் வாப்பா, என் வீடு என்கிற என்.
எதையோ உரிமை கோர வாயெடுத்து
இலக்கத்தில் போய் முட்டிக்கொள்கிறது.

என் இருபது புள்ளி ஒன்று.

இன்னும் நூற்றிப் பதினைந்து.